நடக்கும் நிர்வாணம்: குளிர்கால நாட்டுப்புற நடையும் அதன்மீதான வழக்குகளும்

1. ஒரு தீர்ப்பில் உள்ள பட்டியல்

2012 அக்டோபர் 25 அன்று முற்பகலில், வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகர மையத்தின் வழியாக ஒருவர் கால்மணி நேரம்போல நடந்துபோனார். காலில் நடைக்காலணியும் காலுறையும், தலையில் தொப்பி, முதுகில் பை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் திசைகாட்டி. இவை தவிர உடம்பில் ஒரு நூல் கிடையாது. அவர் ஸ்டீஃபன் காஃப், ராயல் மரீன்ஸ் படையில் இருந்தவர். பிரிட்டன் பத்திரிகைகள் அவருக்கு ‘அம்மண நடையர்’ என்று பெயர் சூட்டி ஏறக்குறைய பத்தாண்டு ஆகியிருந்தது. ஸ்காட்லாந்துச் சிறையிலிருந்து அம்மாதம்தான் வெளிவந்து, தெற்கே சொந்த ஊர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். வழியில் எதிர்ப்பட்ட பெண்கள் சாட்சி சொன்னார்கள். 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ் அவர் குற்றவாளி என்பதை உயர் நீதிமன்றம் 2013இல் உறுதிசெய்தது.

அவர் அணிந்திருந்த பொருள்களின் பட்டியல் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதை மெதுவாகப் படித்தால் ஒன்று தெரியும். இது கடற்கரைக்குப் போகிறவர் கொண்டுபோகும் சாமான் அல்ல. நெடுந்தூரம் நடக்கிறவரின் சாமான். காலுறையும் தொப்பியும் குளிரை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று காட்டுகின்றன. அந்தக் கணக்கில் சட்டையும் காற்சட்டையும் இல்லை என்பதுதான் மற்றவர்களுக்குப் புரியாமல் போனது.

நிர்வாணத்துக்கு ஐரோப்பா இடமே கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் பால்டிக் கடற்கரையிலும் பிரான்சின் முகாம்களிலும் இங்கிலாந்தின் உறுப்பினர் சங்கங்களிலும் அது பழகிப்போன காட்சி. ஆனால் அதே நிர்வாணம் எழுந்து, காலணி மாட்டி, இலையுதிர்காலத்திலோ குளிர்காலத்திலோ நாட்டுப்புறப் பாதையில் நடக்கத் தொடங்கியதும் வழக்காகிறது. ஏன்? பொதுவாகத் தரப்படும் விளக்கங்கள் இரண்டு. எதிர்ப்பவர்கள் அதைக் கிறுக்கு அல்லது வக்கிரம் என்கிறார்கள்; வெயிலில் ஆடை களைவதற்காவது காரணம் சொல்லலாம், குளிரில் களைவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். ஆதரிப்பவர்கள் அதைத் தனிமனித உரிமையின் சோதனை என்கிறார்கள். இரு தரப்பும் ‘நிர்வாணம்’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுகின்றன. ‘நடை’ என்ற பாதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. இக்கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது. குளிரில் ஆடையற்ற உடல் நடக்கும்போது தாங்குகிறது, நின்றால் தாங்குவதில்லை. சமூகத்தின் பொறுமை நேர்மாறானது. ஓரிடத்தில் நிற்கும் நிர்வாணத்தை அது பொறுத்துக்கொள்கிறது, நடக்கும் நிர்வாணத்தைப் பொறுப்பதில்லை. சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பது என் வாதம்.

2. குளிரில் தொடங்கிய வரலாறு

நிர்வாண இயக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சூரியனில் தொடங்குவார்கள். சான்றுகளைப் பார்த்தால் தொடக்கம் குளிர்காற்றில் இருக்கிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் வாழ்ந்த காலத்தில், 1768இல், பிரெஞ்சு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தன் காலைப்பழக்கத்தைச் சொல்கிறார். அதிகாலையில் எழுந்து ஆடையேதுமின்றி அறையில் அரைமணியோ ஒருமணியோ உட்கார்ந்து படிப்பது, எழுதுவது. குளிர்நீரில் குளிப்பது உடலுக்குப் பெரிய அதிர்ச்சி, குளிர்காற்றில் குளிப்பது இதமானது என்பது அவர் கட்சி. அதே தலைமுறையைச் சேர்ந்த ஸ்காட்லாந்து நீதிபதி லார்டு மான்போடோ, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சன்னலைத் திறந்துவைத்துவிட்டு அறைக்குள் அம்மணமாக நடப்பாராம். பிறகு மீண்டும் படுத்து இரண்டு மணிநேரம் தூங்குவார். எழுத்தாளர் பாஸ்வெல் இதைப் பதிவுசெய்திருக்கிறார். ஸ்காட்லாந்தின் நான்கு மணிக் காற்று எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. ஸ்காட்லாந்து நீதிமன்றங்களைப் பற்றிப் பின்னால் பேசப்போகிறோம். அவற்றின் மூத்த நீதிபதி ஒருவர் குளிரில் நிர்வாணமாக நடந்தவர் என்பதை இங்கே குறித்துவைப்பது நல்லது. நான்கு சுவர்களுக்குள் நடந்தார், அவ்வளவுதான் வேறுபாடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று பின்னுக்குப் போய் ஒளி முன்னால் வந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆர்னால்டு ரிக்லி 1850களில் இன்றைய ஸ்லோவேனியாவிலுள்ள பிளெட் ஏரிக்கரையில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். நீரைவிடக் காற்றையும், காற்றைவிட ஒளியையும் அவர் மேலாக வைத்தார். 1903இல் ஆகஸ்ட் ரோலியே சுவிஸ் ஆல்ப்ஸில் லேசான் என்ற மலையூரில் காசநோயாளிகளுக்கான சூரிய சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். அங்கே பனிமீது, இடுப்பில் ஒரு துண்டும் தலையில் வெயில்தொப்பியும் மட்டும் அணிந்து நோயாளிகள் பனிச்சறுக்கு ஆடிய படங்கள் உலகெங்கும் அச்சாயின. மருத்துவர் ஒருவரின் பெயர் பின்னால் இருந்ததால், பனியில் வெற்றுடல் என்பது அப்போது முற்போக்கின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் ஆஸ்கோனாவின் மான்தே வெரித்தா குன்றில் 1900 முதல் கூடிய மாற்று வாழ்க்கைக் குழுவினர் ஒளி, காற்று, காய்கறி உணவு மூன்றையும் ஒன்றாகக் கட்டினர். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1907இல் அங்கே தங்கி, பாறைகளில் வெற்றுடலோடு அலைந்தார்.

இதற்கிடையே வேலி வந்துவிட்டது. 1903இல் வட ஜெர்மனியில் லூபெக் நகருக்கு அருகே கிளிங்பெர்க்கில் உருவான பூங்காவாகட்டும், 1924இல் எசெக்ஸில் விக்ஃபர்டு அருகே ஒரு தோட்டத்தில் கூடிய ஆங்கிலேயக் குழுவாகட்டும், நிர்வாணம் ஒரு முகவரிக்குள் அடங்கியது. 1933இல் பிரஷ்யாவின் நாஜி அரசு இயக்கத்தை ஒடுக்க ஆணை பிறப்பித்ததற்குப் பிறகு, சங்கம், உறுப்பினர் அட்டை, மதில் என்ற பாதுகாப்பு இன்னும் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்த நேச்சுரிஸ்ட் (நிர்வாண வாழ்வை விரும்புவோர்) சுற்றுலா முழுவதும் இந்த முகவரியையும் கோடை வெயிலையும் நம்பியே நடந்தது. இதன் விளைவு ஒரு மௌன உடன்பாடு: நீங்கள் உள்ளே இருங்கள், நாங்கள் எட்டிப்பார்க்க மாட்டோம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் நிர்வாண நடைக்கென்று ஒரு நாளைப் பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதுகூட ஜூன் 21, ஆண்டின் நீண்ட பகல். வெயில் என்ற சாக்கு இல்லாமல் வெளியே வர நிர்வாணம் தயங்கியிருக்கிறது.

குளிர்கால நடையர் அந்தச் சாக்கையும் முகவரியையும் ஒரே நேரத்தில் கைவிடுகிறார். கடும் எதிர்வினைக்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

3. உடலின் வரவு செலவு

‘செத்துப்போவான்’ என்பது முதல் எதிர்வினை. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆடையின்றி, அசையாமல், காற்றோட்டம் அதிகமில்லாத இடத்தில் இருக்கும் மனிதருக்குக் குளிரவும் செய்யாமல் வியர்க்கவும் செய்யாமல் இருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். நாம் அடிப்படையில் வெப்பமண்டல விலங்கு. ஓய்வில் இருக்கும் வளர்ந்த உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. சமதளத்தில் விறுவிறுவென நடந்தால் இது 300 வாட்டைத் தாண்டும். பையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் 500, 600 வரை போகும். இது வரவு.

செலவு, தோலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. தோராயமாகக் கணக்கிட்டால், 15 டிகிரியில் காற்று வீசாத பாதையில் நடக்கும் வெற்றுடல் 300 வாட்டுக்குச் சற்று மேல் இழக்கும். வரவும் செலவும் சரிக்குச் சரி. 5 டிகிரியில், தோல் 26 டிகிரியில் இருந்தால், இழப்பு 500 வாட்டை நெருங்கும். சமதள நடைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை. தோலை ஒட்டிய இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தோல் 20 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இழப்பு 400க்குக் கீழே வருகிறது. குளிர்ந்துபோன தோலே உள்ளே இருக்கும் வெப்பத்துக்கு உறையாகிறது. ஆகவே 5 டிகிரியில் மேடேறும் ஒருவர் ஆடையின்றி நெடுநேரம் நடப்பதில் இயற்பியலுக்கு முரணானது எதுவும் இல்லை. பழகியவர்களுக்கு நடுக்கமும் குறைகிறது.

நின்றுவிட்டால் கதை வேறு. வரவு உடனே 100 வாட்டுக்கு விழுகிறது. செலவு, அதே 5 டிகிரியில், 250க்கு அருகிலேயே இருக்கும். அந்தப் பள்ளத்தை நடுக்கத்தால் சிறிது நேரம் நிரப்பலாம். பிறகு உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஹைப்போதெர்மியா எனப்படும் ஆபத்து நிலை அங்கே தொடங்குகிறது. மழை சேர்ந்துகொண்டால் இன்னும் விரைவாக. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும்.

காற்று வீசும்போது உணரப்படும் குளிரைச் சொல்ல வானிலை அறிக்கைகளில் ஒரு குறியீடு வருகிறது. 1940களில் அன்டார்க்டிகாவில் சைப்பிள், பாஸல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நீர் நிரப்பிய சிறு உருளை உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்ததில் பிறந்தது அது. இன்று வட அமெரிக்காவில் புழங்கும் சூத்திரம் 2001இல் வந்தது. அதன்படி 5 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் குளிர் 0 டிகிரிபோல இருக்கும். ஆனால் அந்தச் சூத்திரம் முழுக்க உடுத்திய ஒருவரின் திறந்த முகத்தை வைத்துப் போட்டது. வெற்றுடலுக்கு அதில் பதில் இல்லை. உடலின் வெப்பத்தில் பாதி தலைவழியாகப் போய்விடுகிறது என்ற நம்பிக்கையும் இப்படித்தான் பிறந்தது. சோதனையில் மற்ற இடமெல்லாம் மூடியிருந்ததால் தலை மட்டும் கசிந்தது. ஆடையற்ற உடலில் தலையின் பங்கு அதன் பரப்புக்கு ஏற்றபடி பத்து விழுக்காட்டுக்கு அருகில்தான். குளிர்காலத்தைப் பற்றிய நம் பொது அறிவு பெரும்பாலும் உடுத்திய உடலின் அறிவு.

உடுத்தாத உடலின் அறிவு வேறு மக்களிடம் இருந்தது. தென் அமெரிக்க முனையிலுள்ள தீரா தெல் ஃபுவேகோவில் பனிமழை வெற்றுத்தோலில் விழுந்து உருகுவதைப் பொருட்படுத்தாத மக்களை டார்வின் 1830களில் கண்டு திகைத்தார். ஷோலாண்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் செய்து 1958இல் வெளியிட்ட அளவீடுகள், உறைநிலையை நெருங்கும் இரவுகளில் அவர்கள் உடல் வெப்பத்தைக் கூட்டாமல், தோலையும் உள்வெப்பத்தையும் சற்று இறங்கவிட்டுத் தூங்குவதைக் காட்டின. தென் அமெரிக்க முனையின் கவேஸ்கர் மக்களிடம் ஹாமல் என்ற ஆய்வாளர் கண்டது வேறொரு வழி: அவர்கள் உடல் எந்நேரமும் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது. இந்தச் சான்றுகளை இன்றைய நேச்சுரிஸ்ட் எழுத்துகள் ஆர்வத்தோடு எடுத்தாள்வதுண்டு. எனக்கு அதில் தயக்கம் உண்டு. அவர்களிடம் கொழுப்புப்பூச்சு இருந்தது, எப்போதும் அணையாத நெருப்பு இருந்தது, பிறந்ததுமுதல் பழகிய உடல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காரை நிறுத்திவிட்டு இரண்டு மணிநேரம் நடந்து திரும்பும் ஒருவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது.

நடையர்கள் தரும் இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. மேடேறும்போது உடை வியர்வையில் ஊறுகிறது; உச்சியில் அந்த ஈரம் எலும்புவரை சில்லிடுகிறது; தோலோ துடைத்ததும் காய்ந்துவிடும். மலை ஏறிய எவரும் இதன் உண்மையை மறுக்க மாட்டார்கள். பாதி உண்மை. பையில் உலர்ந்த உடை இருந்து, உச்சியை எட்டுவதற்கு முன்பே அதை எடுத்துப் போட்டுக்கொண்டால் மட்டுமே அது பயன்படும். முன்பே என்பதுதான் முக்கியம். குளிரில் உடலின் மையம் தளர்வதற்கு நெடுநேரம் முன்பே விரல்கள் தளர்ந்துவிடுகின்றன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேராமல், மேலங்கியின் ஜிப் இழுவை கைக்கு அகப்படாமல் நழுவும். பையின் கொக்கியைத் திறக்கப் பல்லைப் பயன்படுத்த வேண்டிவரும். கம்பளிச் சட்டை பையின் அடியில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், குளிர்கால நிர்வாண நடை தற்கொலை முயற்சியும் இல்லை, ஆரோக்கிய மருந்தும் இல்லை. மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும், நிற்கும் இடத்தில் உடுத்த வேண்டும் என்ற இரண்டு கட்டுப்பாடுகளுக்குள் செய்யக்கூடிய ஒரு செயல். காஃப் இதற்கு நேரடிச் சான்று. 2003 ஜூனில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டில் புறப்பட்டு, சாலைவழியே சுமார் 1,400 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையிலுள்ள ஜான் ஓ’குரோட்ஸை 2004 ஜனவரியில் அடைந்தார். 2005 ஜூனில் தோழியோடு மீண்டும் புறப்பட்டு 2006 பிப்ரவரியில் முடித்தார். இரண்டு முறையும் கடைசிக் கட்டம் வடக்கு ஸ்காட்லாந்தின் குளிர்காலத்தில். குளிர் அவரை நிறுத்தவில்லை. அவரை நிறுத்தியவை காவல் நிலையங்கள்.

4. பாதையில் சட்டம்

இங்கிலாந்தில் பொதுவெளியில் ஆடையின்றி இருப்பது அதனளவில் குற்றம் இல்லை. 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பார்ப்பவருக்குக் கலக்கமோ துயரமோ ஏற்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு உறுப்பைக் காட்டுவதைத்தான் தண்டிக்கிறது. நோக்கம் இல்லையென்றால் எஞ்சுவது பொது ஒழுங்குச் சட்டம். அங்கே கேள்வி, யாருக்காவது அச்சமோ துயரமோ ஏற்படக்கூடுமா என்பது. ஹாலிஃபாக்ஸ் வழக்கு இந்த வழியில்தான் போனது.

ஸ்காட்லாந்தில் ‘அமைதிக் குலைப்பு’ என்ற பழைய பொதுச்சட்டக் குற்றம் இருக்கிறது. சாதாரண மக்களை அச்சுறுத்தி, சமூக அமைதியைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய நடத்தை என்று 2001இல் அதற்கு வரையறை தரப்பட்டது. காஃப் 2006 மே மாதம் எடின்பரோவுக்குப் பறந்த விமானத்தில் ஆடைகளைக் களைந்து கைதானார். அதிலிருந்து தொடங்கியது ஒரு சுழற்சி. நீதிமன்றத்தில் ஆடையின்றி நின்றார். அது நீதிமன்ற அவமதிப்பு. தண்டனை முடிந்து சிறைவாயிலில் ஆடையின்றிக் கால்வைத்தார். மறுபடி அமைதிக் குலைப்பு. சிறைக்குள்ளும் உடுத்த மறுத்ததால் மற்றக் கைதிகளிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டார். 2006 மே முதல் 2011 இலையுதிர்காலம்வரை அவர் வெளியே இருந்த நாள்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். நடப்பதற்காகப் புறப்பட்டவர் சில அடி நடந்து மீண்டும் அறைக்குள் போனார்.

இங்கே ஒரு முரண். காஃப் முதல் நடையைத் தொடங்கிய அதே 2003இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. தனியார் நிலமாக இருந்தாலும் பொறுப்போடு நடந்துபோக எவருக்கும் உரிமை தந்த சட்டம், ஐரோப்பாவிலேயே தாராளமானவற்றுள் ஒன்று. அதாவது எந்த நாடு நடப்பதற்கு மிகப்பெரிய உரிமை தந்ததோ அந்த நாட்டில்தான் இந்த நடையர் மிக நீண்டகாலம் சிறையிருந்தார். இதை ஸ்காட்லாந்தின் பாசாங்கு என்று சொல்லிவிடுவது எளிது. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். எங்கும் நடக்கலாம் என்ற உரிமை பெரிதாகப் பெரிதாக, எங்கும் எவரும் எதிர்ப்படலாம் என்பதும் பெரிதாகிறது. ‘பொறுப்போடு’ என்ற சொல்லுக்கு வேலை வருவது அங்கேதான்.

ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2014 அக்டோபர் 28 அன்று காஃப் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவருடைய நிர்வாணம் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவம் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இது அவருக்குச் சிறிய வெற்றி அல்ல. மொத்தமாகச் சேர்ந்த தண்டனை மிகக் கடுமையானது என்றும் சற்றே சங்கடத்தோடு ஒப்புக்கொண்டது. ஆனாலும் உரிமை மீறல் இல்லை என்று முடித்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லாத, எதிர்பாராத பொதுமக்கள்மீது தன் நடத்தையைத் திரும்பத் திரும்பத் திணித்தார் என்பது முக்கியக் காரணம். நீதிபதிகளை உறுத்தியது உடல் என்பதைவிட, அந்த உடல் சொல்லாமல் வந்து எதிரே நிற்பது.

சுவிட்சர்லாந்து இதே கேள்வியை முழுக்க நாட்டுப்புறத்தில் சந்தித்தது. 2008 இலையுதிர்காலத்தில் அப்பன்ஸெல் மலைகளில் நிர்வாண நடையர்கள் பெருகினார்கள். பலர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். அப்பன்ஸெல் இன்னர்ரோடன் மாநிலத்தின் மக்கள் சபை 2009 ஏப்ரல் 26 அன்று திறந்தவெளிச் சதுக்கத்தில் கூடி, கையுயர்த்தி, நிர்வாண நடையைத் தடைசெய்தது. அபராதம் 200 பிராங்க். (இந்தச் சபையில் பெண்கள் கையுயர்த்தும் உரிமையே 1990இல்தான், அதுவும் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகு வந்தது. பொதுவெளியில் யார் எப்படித் தோன்றலாம் என்பதில் அம்மலைகளுக்கு நெடுங்காலமாகவே உறுதியான கருத்து உண்டு.) பக்கத்து மாநிலமான அவுசர்ரோடனில், அதே ஆண்டு அக்டோபரில் ஹெரிசாவ் ஊர்ப்புறத்தில் ஒருவர் ஆடையின்றி நடந்தார். வழியில் ஒரு குடும்பம் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தது. கிறித்தவ மறுவாழ்வு இல்லம் ஒன்றும் இருந்தது. 100 பிராங்க் அபராதம். கீழ் நீதிமன்றம் விடுவித்தது, மேல் நீதிமன்றம் தண்டித்தது, 2011இல் கூட்டாட்சி நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

அந்தக் காட்சியில் ஒரு விவரம் என்னை நிறுத்துகிறது. அக்டோபர் மாதம், நெருப்பைச் சுற்றி ஒரு குடும்பம் குளிர் காய்கிறது. நிற்கிறவர்களுக்கு நெருப்பு வேண்டும். நடக்கிறவருக்கு அது தேவையில்லை, அவர் கடந்துபோகிறார். அவர் வேண்டிய பாதையும் அவர்கள் வேண்டிய ஓய்விடமும் ஒன்றே. இந்த மோதலில் யாரும் பொய் சொல்லவில்லை; சட்டம் ஓய்வெடுப்பவர் பக்கம் சாய்ந்தது.

5. எதிரே வருகிறவர்

குளிர்காலத்தில் பாதைகளில் ஆள் இருப்பதில்லை, ஆகவே யாருக்கும் தொல்லை இல்லை என்பது நடையர்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம். எண்ணிக்கையில் இது சரி. ஆனால் ஆளற்ற பாதையில் எதிர்ப்படுவது ஒரே ஒருவர். அந்த ஒருவர் தனியாக நாயோடு நடந்துவரும் பெண்ணாக இருந்தால்? கூட்டம் நிறைந்த கடற்கரையில் ஓர் ஆணின் நிர்வாணம் நூற்றில் ஒன்று. மூடுபனியில், கூப்பிட்டால் கேட்க எவரும் இல்லாத இடத்தில், அதே உடல் வேறொன்றாகிறது. அவர் மனதில் தீங்கில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? உறுப்பைக் காட்டி அச்சுறுத்தும் ஆண்களைச் சிறுவயதிலிருந்து தெருவிலும் பேருந்திலும் எதிர்கொண்டு வளர்ந்தவர்களுக்கு, நோக்கத்தைப் பொறுமையாக ஆராயும் ஓய்வு கிடையாது. உரிமைப் பேச்சில் இந்த அச்சத்தைப் ‘பழமைவாதம்’ என்று ஒதுக்குவது நேர்மையற்றது. பாதை காலியாக இருப்பது நடையரின் வசதி. எதிரே வருகிறவருக்கு அதுவே ஆபத்தின் அறிகுறி.

மீட்புப் பணியாளர்களுக்கும் இந்தக் காட்சி வேறு பொருள் தரும். கடுங்குளிரில் சாகும் தறுவாயில் இருப்பவர்கள் ஆடைகளைத் தாமே களைந்துவிடுவதுண்டு. சுருங்கியிருந்த இரத்தக்குழாய்கள் கடைசியில் தளர்ந்து, உடல் எரிவதுபோன்ற உணர்வு ஏற்படுவதால் இப்படி நடக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். தடயவியல் ஆய்வாளர்கள் 1970களிலேயே இதை விரிவாகப் பதிவுசெய்தனர். ஆக, பனிக்கால மலையில் ஆடையற்ற ஒருவரைத் தூரத்தில் பார்க்கும் அனுபவசாலி உடனே உதவிக்கு ஆள் அனுப்புவார். அதில் ஒழுக்கப் பிரச்சினை எதுவும் இல்லை.

ஆனால் எல்லா எதிர்ப்பும் இந்த அக்கறையிலிருந்து வருவதில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. போலந்து-செக் எல்லையிலுள்ள ஸ்னேஷ்கா சிகரத்தில், டச்சுக்காரர் விம் ஹோஃப் தம் மாணவர்களைக் குளிர்காலத்தில் அரைக்காற்சட்டையோடு ஏற்றிப் புகழ்பெற்றார். மேலே வெற்றுடல், கீழே ஒரு சாண் துணி. அந்தப் பயிற்சி அறிவியல் இதழ்களில் ஆராயப்பட்டது. செல்வந்தர்கள் பணம் கட்டி வருகிறார்கள். அவரைப் பின்பற்றி ஏறியவர்கள் உறைந்துபோய் மீட்கப்பட்ட செய்திகள் போலந்து மலைகளிலிருந்து வருவதுண்டு, இருந்தும் கைது கிடையாது. வெப்ப இழப்பில் அந்த ஒரு சாண் துணியால் எந்த வித்தியாசமும் இல்லை. ‘குளிரில் இப்படிப் போகலாமா’ என்ற கேள்வி உண்மையில் குளிரைப் பற்றியதாக இருந்திருந்தால், ஹோஃபுக்கும் காஃபுக்கும் ஒரே பதில் கிடைத்திருக்க வேண்டும்.

6. முன்னறிவிப்பு

நடக்கும் நிர்வாணத்தை எந்தச் சமூகமும் ஏற்றதில்லை என்று சொல்ல முடியாது. தமிழ் வாசகர் நினைவுக்கு உடனே வரக்கூடிய திகம்பரச் சமண முனிவர்கள் இருக்கிறார்கள். மழைக்கால நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவதும், மீதிக்காலம் வெறுங்காலோடு ஊர்விட்டு ஊர் நடப்பதும் அவர்கள் நெறி. வட இந்தியக் குளிரும் அந்த மீதிக்காலத்தில் அடங்கும். முனிவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய 22 இடர்களைத் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் பட்டியலிடுகிறது. அதில் குளிர் ஓர் இடர், ஆடையின்மை தனியாக இன்னோர் இடர். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஐரோப்பிய நீதிமன்றங்களுக்கு வெகுகாலம் முன்பே தெரிந்துவைத்த பட்டியல் அது. இந்த ஒப்பீட்டை நீட்டக் கூடாது. துறவியின் நிர்வாணம் உடைமைத் துறப்பு. நேச்சுரிஸ்டினுடையது பெரும்பாலும் இன்பத் தேட்டம். என் அக்கறை வேறு. முனிவர் தனியாக எதிர்ப்படுவதில்லை. முன்னும் பின்னும் ஆட்கள் வருகிறார்கள், எந்த ஊருக்கு எப்போது வருவார் என்பது தெரிந்திருக்கிறது, கையில் மயிற்பீலி இருக்கிறது. பார்ப்பவருக்கு அவர் யாரென்று நூறடி தூரத்திலேயே விளங்கிவிடுகிறது.

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதி இதற்கு மதம் சாராத ஒரு வழியைக் கண்டது. டாங்கரோடே ஊருக்கும் விப்பர் அணைக்கும் இடையே 18 கி.மீ. நீளத்தில் நேச்சுரிஸ்ட் நடைபாதை ஒன்று 2010இல் திறக்கப்பட்டது. ஆடையற்றவர்களைப் பார்க்க விருப்பமில்லையென்றால் இதற்குமேல் போகாதீர்கள் என்று வழியில் ஒரு பலகை சொல்கிறது. பாதைக்கு வேலி இல்லை. உடுத்தியவர்களும் நடக்கலாம். ஐரோப்பிய நீதிமன்றம் இல்லை என்று குறைகூறிய அதே முன்னறிவிப்பை ஒரு மரப்பலகை தந்துவிடுகிறது. இதை இயக்கத்தின் வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு முழுத் திருப்தி இல்லை. பலகை வைத்த பாதையும் ஒருவகை முகவரிதான், நீளமான முகவரி.

பலகை இல்லாத பாதைகளில் நடப்பவர்களிடையே வேறொரு வழக்கம் இருக்கிறது. தூரத்தில் ஆள் வருவது தெரிந்ததும் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, வணக்கம் சொல்லிக் கடந்துவிடுவது. கோடையில் இது கூடுதல் சுமை. துண்டை அதற்கென்றே கொண்டுவர வேண்டும். குளிர்காலத்தில் அப்படியில்லை. கம்பளிச் சட்டையும் மேலங்கியும் உயிருக்காகவே பையின் மேல்வாயில் இருக்கின்றன, நிற்க நேர்ந்தால் போட்டுக்கொண்டே ஆக வேண்டும். யாராவது எதிர்ப்படும்போது நடையர் நிற்கத்தான் போகிறார், வழிவிட, இரண்டு வார்த்தை பேச. உடல் உடுத்தச் சொல்லும் நொடியும் மரியாதை உடுத்தச் சொல்லும் நொடியும் குளிரில் ஒன்றாகிவிடுகின்றன. காஃப் மறுத்தது இந்த நொடியைத்தான். கொள்கை அளவில் அவர் மறுப்புக்கு வலு உண்டு: மூடிக்கொள்வது, மூட வேண்டியது ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதாகும் என்று அவர் கருதினார். ஆனால் அந்தக் கொள்கையைச் சோதிக்க ஹாலிஃபாக்ஸின் கடைத்தெரு பொருத்தமான இடமா என்பதையும், வெறிச்சோடிய மலைப்பாதையில் நடப்பவரையும் கடைத்தெருவில் நடப்பவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது சரியா என்பதையும் சட்டங்கள் இன்னும் தெளிவாகப் பிரித்துச் சொல்லவில்லை. இங்கிலாந்துச் சட்டம் பார்ப்பவரின் துயரத்தைக் கேட்கிறது, ஸ்காட்லாந்துச் சட்டம் சமூகத்தின் அமைதியைக் கேட்கிறது, அப்பன்ஸெல் ஊராரின் கையைக் கேட்கிறது. பாதை எத்தகையது, அதில் நின்று ஒதுங்கிக்கொள்ள இருவருக்கும் இடமும் நேரமும் இருந்ததா என்ற கேள்வி இவற்றில் எதிலும் முதன்மையாக வரவில்லை.